மூன்று பேர் சேர்ந்தால் ஆறு மாதத்தில் ஒரு வீடியோ விளையாட்டு முடிந்துவிடுமா?

கேள்வி: 9 ஜனவரி 2025

நாங்கள் மூன்று பேர். ஒருவருக்கு நிரல் எழுதத் தெரியும், ஒருவர் வரைவார், ஒருவர் இசையமைப்பார். இரு பரிமாணத்தில் ஒரு சின்ன விளையாட்டு. நான்கு மாதம் உருவாக்கம், இரண்டு மாதம் மெருகு, ஆறாம் மாத முடிவில் வெளியீடு. ஸ்டார்டியூ வேலி என்ற விளையாட்டை ஒரே ஆள் செய்திருக்கிறார். நாங்கள் மூவர். கணக்கு சரிதானே?

9 ஜனவரி, இரவு

சரியில்லை.

ஸ்டார்டியூ வேலியை எரிக் பரோன் தனியாளாகத்தான் செய்தார். ஆனால் நான்கரை ஆண்டு பிடித்தது. 2016 பிப்ரவரியில்தான் வெளிவந்தது. நான்கரையை மூன்றால் வகுத்து ஒன்றரை என்று எழுதிக்கொள்ளாதீர்கள். கேவ் ஸ்டோரியை தாய்சுகே அமாயா ஐந்து ஆண்டு தனியாக உட்கார்ந்து செய்து 2004இல் வெளியிட்டார். தனியாளுக்கு இருக்கும் வசதி மூவருக்குக் கிடையாது: மனதில் இருப்பதை அவர் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. விளக்குவதிலேயே எங்களுக்குப் பாதி மாலைகள் போயின.

நாங்களும் மூவர்தான். நான் நிரல், ஒரு ஓவியர், இசைக்கு என் தம்பி, சித்தி மகன். எல்லோருக்கும் பகலில் வேறு வேலை. விளையாட்டு இதுதான்: ஒரு தபால்காரர் உயரமான கோபுரத்தில் மாடி மாடியாகத் தாவி ஏறிக் கடிதங்களைக் கொண்டு சேர்க்க வேண்டும். எட்டு மாதம் என்று திட்டமிட்டோம். மூன்று ஆண்டு நான்கு மாதம் ஆயிற்று. முக்கியக் காரணம், ஓவியங்கள் வந்து சேரத் தாமதமானது.

10 ஜனவரி

"அப்படி என்னதான் இருக்கிறது மூன்று ஆண்டு செய்வதற்கு?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. தாவுவது, கடிதம் கொடுப்பது, மாடி ஏறுவது எல்லாம் முதல் ஐந்து வாரத்தில் ஓடியது. பெட்டிகளும் வட்டங்களுமாக இருந்தாலும் விளையாட முடிந்தது. அன்றைக்கு நாங்கள் மூவரும் "பாதி முடிந்துவிட்டது" என்று சொல்லிக்கொண்டோம்.

முடிந்தது எதுவும் இல்லை. யாருமே வேலைப் பட்டியலில் எழுதாத விஷயங்கள்தான் மீதி அத்தனை காலத்தையும் தின்றன. தொடக்கத் திரை. ஒலி அளவைக் குறைக்கும் இடம். விசைகளை விருப்பப்படி மாற்றிக்கொள்ளும் வசதி. விளையாடிக்கொண்டிருக்கும்போது கன்ட்ரோலரின் பேட்டரி தீர்ந்துபோனால் என்ன ஆகும்? இடையில் வேறு ஜன்னலுக்குப் போய்த் திரும்பினால்? சேவ் ஆகும் கணத்தில் கணினி அணைந்தால்? ஒவ்வொன்றும் "ஒரு நாள் வேலை" என்றுதான் தோன்றும். அப்படிப்பட்ட ஒரு நாள் வேலைகள் எங்களிடம் நூற்றைம்பதுக்கு மேல் இருந்தன.

ஒன்றை மட்டும் சொல்கிறேன். இடைநிறுத்தம். பட்டனை அமுக்கினால் விளையாட்டு உறைய வேண்டும், மேலிருந்து ஒரு பலகை இறங்கி வந்து "தொடர்க", "வெளியேறு" என்று காட்ட வேண்டும். விளையாட்டின் கால ஓட்டத்தைச் சுழியமாக்கினேன், எல்லாம் உறைந்தது. பலகை வரவில்லை. ஏனென்றால் பலகை இறங்கி வரும் அசைவும் அதே காலத்தில்தான் ஓடுகிறது. திரைக்கு மேலே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் அதுவும் உறைந்து நின்றுகொண்டிருந்தது. பிறகு பலகைக்கு மட்டும் தனிக் காலம் கொடுத்தேன். அடுத்த நாள் தம்பி வந்து, "அண்ணா, நிறுத்திய பிறகும் மழைச் சத்தம் கேட்கிறதே" என்றான். ஒலி முதலிலிருந்தே தனிக் காலத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

10 ஜனவரி, சற்று நேரம் கழித்து

திருத்தம். எட்டு மாதம் என்றேன். பழைய கோப்பைத் தேடி எடுத்துப் பார்த்தேன். திட்டம் ஐந்து மாதம். எட்டு என்பது முதல் ஐந்து மாதம் முடிந்த பிறகு போட்ட திட்டம்.

12 ஜனவரி

தாவுவதைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இதைக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். என் வாழ்வின் இரண்டு வாரங்களைத் தின்ற விஷயம்.

சோதித்துப் பார்க்க ஏழு பேருக்கு விளையாட்டை அனுப்பினோம். அதில் ஒருவர் மட்டும் மூன்றாம் மாடியைத் தாண்டவே முடியவில்லை என்று எழுதினார். "இந்த மேடை எட்டாத உயரத்தில் இருக்கிறது." எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த மேடையில் நானே ஆயிரம் முறை ஏறியிருக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு ஏறுவேன். "இன்னும் சற்று நேரம் பட்டனை அழுத்திப் பிடியுங்கள்" என்று பதில் போட்டேன். அவர் ஒரு காணொளி அனுப்பினார். உண்மையாகவே எட்டவில்லை. ஒரு மயிரிழையில் தலைகீழாக வழுக்கி விழுகிறார் தபால்காரர்.

அவருடைய மடிக்கணினி பழையது. நொடிக்கு 30 ஃப்ரேம்தான் ஓடியது, அதாவது திரையில் நொடிக்கு 30 படம். என்னுடையதில் 60.

கணக்கைப் பாருங்கள். தாவும் வேகம் நொடிக்கு 12 அலகு. ஈர்ப்பு நொடிக்கு 30 அலகு வேகத்தைக் குறைக்கும். பள்ளிப் பாட வாய்பாட்டின்படி உச்சி உயரம் 2.4. ஆனால் கணினி தொடர்ச்சியாகக் கணக்கிடுவதில்லை. ஒவ்வொரு ஃப்ரேமிலும் முதலில் வேகத்தைக் குறைத்து, பிறகு அந்த வேகத்தில் நகர்த்துகிறது. 30 ஃப்ரேமில் ஒவ்வொரு முறையும் வேகம் 1 குறையும்: 11, 10, 9 என்று சுழியம் வரை. கூட்டினால் 66. முப்பதால் வகுத்தால் 2.2. இதையே 60 ஃப்ரேமில் செய்தால் அரை அரையாகக் குறைந்து, கூட்டுத்தொகை 138, அறுபதால் வகுத்தால் 2.3.

நான் வைத்த மேடையின் உயரம் 2.25.

என் கணினியில் 0.05 அலகு மிச்சம். அவருடையதில் 0.05 அலகு பற்றாக்குறை. அவர் சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை. நான் அவருக்குத் தாவக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தேன். நொடிக்கு 144 ஃப்ரேம் காட்டும் திரை வைத்திருப்பவர்களுக்கு இன்னும் உயரமாக எழும்பியிருக்கும். அவர்கள் யாரும் புகார் செய்யவில்லை!

தீர்வு எல்லோருக்கும் தெரிந்ததுதான். திரை எத்தனை ஃப்ரேம் ஓடினாலும், இயக்கத்தை மட்டும் மாறாத இடைவெளியில் கணக்கிட வேண்டும். அதற்கென்று பெரும்பாலான எஞ்சின்களில், அதாவது விளையாட்டு உருவாக்கும் மென்பொருள்களில், தனி இடம் உண்டு. நான் அவசரத்தில் முதல் வாரம் தவறான இடத்தில் எழுதிவிட்டு, ஒன்றரை ஆண்டு அதன்மேலேயே கட்டிக்கொண்டு போயிருந்தேன். மாற்றியபோது எல்லா மாடிகளையும் மறுபடி அளக்க வேண்டியதாயிற்று.

13 ஜனவரி

"இதெல்லாம் தொடக்கநிலைத் தவறு" என்று எழுதியவருக்கு: ஆமாம். அதனால்தான் எழுதுகிறேன்.

கணக்கு சரியாகிவிட்டால் தாவல் சரியாகிவிடும் என்று நினைத்தேன், அதுவும் இல்லை. தம்பி விளையாடிவிட்டு, "அண்ணா, நான் அமுக்குகிறேன், அதற்குக் காது கேட்கவில்லை" என்றான். ஒவ்வொரு அமுக்கலையும் கோப்பில் பதிவு செய்து பார்த்தேன். அவன் அமுக்கியபோதெல்லாம் தபால்காரர் விளிம்பைத் தாண்டி மூன்று நான்கு ஃப்ரேம் ஆகியிருந்தது. காலுக்குக் கீழே தரை இல்லை. விதிப்படி தாவக்கூடாது. கணினி சொன்னது சரி. தம்பியின் கண்ணுக்கோ இன்னும் விளிம்பில்தான் நிற்கிறார். அவன் சொன்னதும் சரி.

இதற்கு ஒரு பழைய தந்திரம் இருக்கிறது: விளிம்பைத் தாண்டிய பிறகும் சிறு அவகாசம் கொடுப்பது. 2018இல் வெளிவந்த செலஸ்ட் விளையாட்டில் இந்த அவகாசம் 0.1 நொடி, அதன் நாயகி இயங்கும் நிரல் கோப்பையே அதன் உருவாக்குநர்கள் பொதுவில் வைத்திருக்கிறார்கள், ஐயாயிரம் வரிக்கு மேல். ஒரே ஒரு பாத்திரத்தை நகர்த்த ஐயாயிரம் வரி. ஆறு மாதத் திட்டம் போடுகிறவர்கள் அந்தக் கோப்பை ஒரு முறை மேலிருந்து கீழே உருட்டிப் பாருங்கள், படிக்க வேண்டாம், உருட்டினால் போதும்.

நானும் ஆறு ஃப்ரேம் கொடுத்தேன். தம்பியிடம் சொல்லவில்லை. விளையாடிவிட்டு, "இன்றைக்கு எனக்குக் கை நன்றாக ஓடுகிறது" என்றான். இன்றுவரை அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறான். இதைப் படிக்க மாட்டான்.

14 ஜனவரி

படித்துவிட்டான்.

17 ஜனவரி

ஒலியைப் பற்றி அவனே எழுதச் சொன்னான். சுருக்கமாக: காலடி ஓசை ஒன்றைப் பதிவு செய்து அதையே திரும்பத் திரும்ப ஒலித்தால் இரண்டு நிமிடத்தில் தையல் இயந்திரம் ஓடுவது போல இருக்கும். நான்கு ஓசைகள் வைத்து, ஒவ்வொரு முறையும் சுருதியை மிகச் சிறிதளவு ஏற்றி இறக்கினால் நடப்பது போலக் கேட்கும். நாற்பது நொடி இசைத்துண்டை உருவாக்குகிறவர் அதைச் சில நூறு முறை கேட்பார். சோதிக்கிறவன் சில ஆயிரம் முறை. இரண்டாம் மாடி இசையை இப்போது எங்காவது கேட்டால் எனக்குக் கட்டை விரல் தானாகத் துடிக்கிறது.

18 ஜனவரி

எந்த எஞ்சின் நல்லது என்று இங்கே நாற்பது பதில்கள் ஓடியிருக்கின்றன. என் பங்குக்கு இரண்டு வரி. கோடோ 2014 முதல் திறந்த மூலம் (நிரலை எவரும் பார்க்கலாம், மாற்றலாம்), எம்ஐடி என்ற தாராளமான உரிமம், கட்டணம் கிடையாது. யூனிட்டி 2023 செப்டம்பரில் நிறுவல் எண்ணிக்கைக்குக் கட்டணம் என்று அறிவித்து, எதிர்ப்புக் கிளம்பியதும் சில நாளில் தளர்த்தி, 2024 செப்டம்பரில் முற்றாகக் கைவிட்டது. உரிம விதி நடுவழியில் மாறலாம் என்பதைக் கணக்கில் வைத்துக்கொண்டு எதையாவது எடுங்கள். அந்த நாற்பது பதில்கள் எழுதிய நேரத்தில் ஒரு சதுரத்தைத் தாவ வைத்திருக்கலாம்.

25 ஜனவரி

தமிழில் வெளியிட்டீர்களா என்று கேட்டவருக்கு.

வெளியிட்டோம், பெரும்பாடு பட்டு. நாங்கள் தொடங்கிய காலத்தில் எடுத்த எஞ்சின் பதிப்புக்கு எழுத்துகளை வரிசை மாற்றி அடுக்கத் தெரியாது. 'கோபுரம்' என்பதில் இரட்டைக் கொம்பு ககரத்துக்கு முன்னால் நிற்க வேண்டும், கால் பின்னால். கணினியின் நினைவகத்தில் முதலில் 'க', அதன் பிறகுதான் உயிர்க்குறி. அடுக்கத் தெரியாத எஞ்சின் நினைவகத்தில் இருந்த வரிசையிலேயே வரைந்துவிட்டது. கொம்பும் காலும் ஒன்றாக வலப்பக்கம் போய் நின்றன. தொடக்கத் திரையில் விளையாட்டின் பெயரே உடைந்து கிடந்தது. நிரலில் தவறு தேடி ஒரு வாரம் போயிற்று. நிரல் சரியாகவே இருந்தது.

ஓவியர் கடைசியில், "நான் எழுத்துகளையே படமாக வரைந்து தந்துவிடுகிறேன்" என்றார். அங்கே அடுத்த சிக்கல். விளையாட்டின் மற்ற எழுத்துகள் 8 பிக்ஸல் உயரம். எட்டுப் பிக்ஸலுக்குள் 'ணூ' வரைந்து பாருங்கள். 16க்குக் குறைந்து முடியாது என்று நிரூபித்துக் காட்டினார். உகர, ஊகார வரிசைகளில் ஒவ்வொரு மெய்க்கும் தனி வடிவம் வேண்டும். அதுவே 36 படம். அத்தனையும் வரைந்தார். 2023 மார்ச்சில் வந்த கோடோ 4 முதல் இந்த அடுக்கும் வேலையை அந்த எஞ்சினே பார்த்துக்கொள்கிறது. ஆனாலும் அவர் வரைந்த எழுத்துகளை நாங்கள் மாற்றவில்லை. அவற்றில் 'ழ' மட்டும் சற்றுக் குண்டாக இருக்கும். எனக்குப் பிடித்தது அதுதான்.

2 பிப்ரவரி

முதல் குறிப்பில் எழுதிய ஒரு வாக்கியத்தைத் திரும்பப் பெற வேண்டியிருக்கிறது.

"ஓவியங்கள் வந்து சேரத் தாமதமானது" என்று எழுதியிருந்தேன். ஓவியரும் இதைப் படித்திருக்கிறார். தம்பி அனுப்பிவைத்தானாம், காலடி ஓசைப் பகுதியைக் காட்டுவதற்கு. அவரிடமிருந்து ஒரே ஒரு வரி வந்தது: "எந்த மாதம்?"

சொல்லிவிடலாம் என்று, கோப்பு மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் மென்பொருளின் வரலாற்றைத் திறந்தேன். தேதி வாரியாக எல்லாம் இருக்கும். யார் எந்தக் கோப்பை எப்போது சேர்த்தார்கள் என்று பொய் சொல்லாமல் காட்டும். இரண்டாம் ஆண்டின் தொடக்கத்தில் நிறுத்திப் பார்த்தேன். அந்த ஆண்டில்தான் தாமதம் என்பது என் நினைவு.

ஐந்தாம், ஆறாம், ஏழாம் மாடிகளின் சுவர்களும் சன்னல்களும் படிகளும் அந்த ஆண்டு ஏப்ரலிலேயே வந்து கிடக்கின்றன. நான் அவற்றை விளையாட்டில் சேர்த்தது ஜூனில். இடையில் ஏழு வாரம். அந்த ஏழு வாரமும், அதற்கு முன்னும் பின்னுமாக மொத்தம் நான்கு மாதமும், என் பெயரில் வந்த அத்தனை மாற்றங்களும் ஒரே இடத்தைப் பற்றியவை: மாடிகளை வடிவமைப்பதற்கு நானே எழுதிக்கொண்டிருந்த ஒரு கருவி. மேடைகளை இழுத்துப் போடலாம், செய்ததைப் பின்னோக்கிப் போய் மாற்றலாம், கட்டங்களின் நிறத்தைக்கூட மாற்றிக்கொள்ளலாம். நிறம் மாற்றும் வசதிக்கு மட்டும் மூன்று நாள் போயிருக்கிறது. இந்தக் கருவியைப் பயன்படுத்தியது நான் ஒருவன். அதைக்கொண்டு செய்த மாடிகள் பதினொன்று. எஞ்சினோடு வரும் சாதாரணக் கட்ட வரைவியில் செய்திருந்தால் பதினொரு மாடிக்கு மூன்று வாரம் பிடித்திருக்கும்.

அவர் காத்திருந்தார். காத்திருக்கிறவர் எதைக் கண்டு அடுத்ததை வரைவார்? அடுத்த மாடி எத்தனை அகலம், எங்கே சன்னல் என்று நான் சொன்னால்தான் வரைய முடியும். சொல்லவில்லை. அவருடைய வேகம் குறைந்தது. குறைந்ததை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, அதற்கு முந்தைய ஏழு வாரத்தை மறந்து, இத்தனை நாள் எல்லோரிடமும் "ஓவியம் தாமதம்" என்று சொல்லித் திரிந்திருக்கிறேன்.

அவருக்குப் பதில் அனுப்பினேன். "எந்த மாதமும் இல்லை. என்னால்தான்." அதற்கு அவர், "தெரியும். கிட் எனக்கும் திறக்கும்" என்றார்.

3 பிப்ரவரி

"கருவி செய்வதில் என்ன தவறு, பெரிய நிறுவனங்கள் செய்கின்றனவே" என்று ஒருவர் எனக்காகப் பரிந்து பேசியிருக்கிறார். நன்றி, ஆனால் வேண்டாம். இருநூறு பேர் பயன்படுத்தும் கருவிக்கு நான்கு மாதம் சரி.

ஏன் செய்தேன் என்பதை நேற்றிரவு யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குச் சற்று முன்புதான் முதன்முதலாக வெளியாள் ஒருவரை அருகில் உட்கார வைத்து விளையாட விட்டோம். கடிதத்தைக் கையில் கொண்டுபோய்க் கொடுக்கலாம், தூரத்திலிருந்து எறியவும் செய்யலாம். எறிவதுதான் விளையாட்டின் உயிர் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். அவர் ஒன்பது நிமிடம் எறியவே இல்லை. ஒவ்வொரு கதவுக்கும் நடந்து போனார். நடுவில் ஒரு முறை தற்செயலாக எறிகிற பட்டனை அமுக்கினார், கடிதம் பறந்து போய்க் கீழே விழுந்தது, "ஐயோ, தவறவிட்டுவிட்டேன்" என்று இறங்கிப் போய் எடுத்துக்கொண்டு வந்தார். நான் வாயைத் திறந்தேன். ஓவியர் நாற்காலியின் காலை உதைத்தார். பேசக்கூடாது என்பது அவர் போட்ட விதி: விளையாட்டை வாங்குகிறவர் வீட்டில் நீங்கள் பின்னால் நின்று விளக்கப் போவதில்லை.

முடிந்ததும் அந்த மனிதர் "நன்றாக இருக்கிறது" என்றார். அந்தக் குரலில் யாரும் எதையும் இரண்டாம் முறை விளையாட மாட்டார்கள்.

அதன் மறுவாரம்தான் நான் கருவி எழுதத் தொடங்கினேன். கருவி யாரிடமும் காட்ட வேண்டாத வேலை. தினமும் முன்னேறுகிறது. மாலையில் உட்கார்ந்தால் இரவில் ஏதோ ஒன்று முடிந்திருக்கும். நிரலாளர்களுக்கு இதைவிட வசதியான ஒளிந்துகொள்ளும் இடம் இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் உழைப்பு போலவே இருக்கும்.

எறிவதன் சிக்கலை ஓவியர்தான் தீர்த்தார். முதல் மாடியில் ஒரு கதவுக்கு முன்னால் படிகளை அழித்துவிட்டார். நடந்து போக வழியில்லை, எறிந்தால்தான் உண்டு. கால் மணி நேர வேலை.

9 பிப்ரவரி

விற்பனை பற்றிப் பலர் கேட்டுவிட்டீர்கள். எங்கள் எண்ணிக்கையைச் சொல்ல மாட்டேன். மூவரும் பகல் வேலையை விடும் அளவுக்கு இல்லை; அடுத்ததைத் தொடங்க வெட்கப்படும் அளவுக்கும் இல்லை.

கணினி விளையாட்டுகளை விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் போடுகிறவர்கள் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டியவை. ஒரு விளையாட்டுக்கு நுழைவுக் கட்டணம் 100 டாலர். விற்பனை 1,000 டாலரைத் தாண்டினால் அதைத் திருப்பிக் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். "விரைவில்" என்ற பக்கம் வெளியீட்டுக்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்னால் பொதுவில் இருக்க வேண்டும். இரண்டு வாரம் என்பது விதி. விஷ்லிஸ்ட், அதாவது வாங்க விரும்புகிறவர்களின் பட்டியல், சேர வேண்டுமானால் பல மாதம் முன்னால் வையுங்கள். நாங்கள் ஏழு வாரம் முன்னால் வைத்தோம், அதுவும் ஓவியர் நச்சரித்ததால். பத்து விமர்சனம் வரும்வரை ஒட்டுமொத்த மதிப்பீடு பக்கத்தில் தோன்றாது. ஒன்பதில் நாங்கள் பதினோரு நாள் நின்றோம். தம்பி தன் நண்பர்களிடம் கேட்கட்டுமா என்றான், வேண்டாம் என்றேன். பத்தாவது விமர்சனத்தை எழுதியவர் யாரென்று தெரியாது. "மழைச் சத்தம் நன்றாக இருக்கிறது" என்பதுதான் முழு விமர்சனம்.

வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். எங்கள் விளையாட்டு மூன்று மணி நேரம். ஒரு மணி ஐம்பது நிமிடத்தில் எத்தனை பேர் நிறுத்துகிறார்கள் என்று தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்காதீர்கள்.

10 பிப்ரவரி

பணம் என்றதும் நினைவு வருகிறது. எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முதல் வாரமே, நட்பு நன்றாக இருக்கும்போதே.

நாங்கள் எழுதவில்லை. வெளியீட்டுக்கு ஒரு மாதம் முன்னால் ஓர் இரவு மூன்று மணி வரை உட்கார்ந்திருந்தோம். ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு என்பது என் எண்ணம். சொன்னதே இல்லை, எல்லோருக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வேலை செய்த மணி நேரக் கணக்கில் என்பது ஓவியரின் எண்ணம். தம்பி, "எனக்கு எது வேண்டுமானாலும் சரி" என்றான். அன்றைக்கு அதுதான் எல்லாவற்றையும்விட எரிச்சலாக இருந்தது. மணிக் கணக்கு என்றால் நான் கருவி செய்த நான்கு மாதமும் கூலியில் சேருமா? (இதை அப்போது அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மேலே இருக்கும் 2 பிப்ரவரி குறிப்பு இரண்டு ஆண்டு முன்பே எழுதப்பட்டிருக்கும்.)

கடைசியில் ஓவியருக்கும் எனக்கும் ஐந்தில் இரண்டு, தம்பிக்கு ஐந்தில் ஒன்று. ஒருவர் விலகிப் போனால் அதுவரை அவர் செய்த படமும் இசையும் இந்த விளையாட்டுக்குள் இருக்கலாம், அடுத்ததற்கு அவரைக் கேட்காமல் எடுக்கக்கூடாது. அரைப் பக்கம். மூவரும் கையெழுத்துப் போட்டோம்.

1 மார்ச்

விஷயத்தை விட்டு விலகிப் போகிறேன். எல்லா நிரல் பிழைகளும் வேதனை இல்லை என்பதற்காக.

ஒரு கண்காட்சியில் நான்கு நாள் மேசை கிடைத்தது. இரவில் கணினியை அணைக்கச் சோம்பல். விளையாட்டு ஓடியபடியே இருந்தது. நான்காம் நாள் காலை ஒரு சிறுவன் விளையாடிக்கொண்டே, "மேலே புயல் வருகிறதா?" என்று கேட்டான். கோபுரத்தின் உச்சியில் கொடிகள் இருக்கின்றன, மெதுவாக அசையும். அன்று கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வேகத்தில் படபடத்துக்கொண்டிருந்தன. பக்கத்தில் நின்றவர் "அருமையான யோசனை" என்றார். நான் தலையாட்டினேன்.

காரணம் வீட்டுக்கு வந்த பிறகு தெரிந்தது. கொடி அசைவதற்கு, விளையாட்டு தொடங்கியது முதல் எத்தனை நொடி என்ற ஓர் எண்ணை வைத்திருந்தேன். ஒவ்வொரு ஃப்ரேமிலும் அதோடு அறுபதில் ஒரு பங்கு நொடி கூடும். அது 32 பிட் மிதவை எண், அதாவது குறிப்பிட்ட அளவு இலக்கங்களுக்கே இடம் உள்ள தசம எண். எண் பெரிதாகப் பெரிதாக அதன் கடைசி இலக்கங்களுக்கு இடம் இல்லாமல் போகும். 2,62,144ஐத் தாண்டியதும், அதாவது ஏறக்குறைய மூன்று நாளில், அந்த எண்ணால் முப்பத்திரண்டில் ஒரு பங்கைவிடச் சிறிய படி எடுத்துவைக்க முடியாது. அறுபதில் ஒன்றைக் கூட்டச் சொன்னால், அருகில் இருக்கும் படி முப்பத்திரண்டில் ஒன்று, அதற்குத் தாவிவிடும். ஆகவே இரு மடங்கு வேகம். அதற்கு முந்தைய நாள்களில் சற்று மெதுவாக ஓடியிருக்க வேண்டும், யாரும் கவனிக்கவில்லை. 5,24,288ஐத் தொட்டிருந்தால் கூட்டுகிற எண் பாதிப் படியைவிடச் சிறிது, சுழியமாகிவிடும்; கொடிகள் நின்றே போயிருக்கும். இன்னும் ஒன்றரை நாள் கண்காட்சி நடந்திருந்தால் அதையும் பார்த்திருப்போம்.

கொடியின் ஒரு சுற்று முடிந்ததும் எண்ணைத் திரும்பச் சுழியமாக்கினால் போதும். ஒரு வரி. ஓவியர் புயலையே வைத்துக்கொள்ளலாம் என்றார். பதினொன்றாம் மாடியில் இப்போது இருப்பது அதுதான், வேண்டுமென்றே செய்தது.

20 மார்ச்

முதலில் கேள்வி கேட்ட நண்பர் திரும்பி வந்திருக்கிறார். ஆறு மாதத் திட்டத்தை மாற்றவில்லையாம், விளையாட்டைத்தான் மாற்றினார்களாம்: பன்னிரண்டு கட்டங்களுக்குப் பதில் இரண்டு. முடியும் என்று தோன்றுகிறது. சேவ் கோப்பை எப்படி அமைப்பது என்று கேட்கிறார்.

எப்படி வேண்டுமானாலும் அமையுங்கள், முதல் வரியில் ஒரு பதிப்பு எண் போடுங்கள். நாங்கள் போடவில்லை. வெளியீட்டுக்கு இரண்டு வாரம் கழித்து, எட்டாம் மாடி சலிப்பாக இருக்கிறது என்று பலர் சொன்னதால் அதை எடுத்துவிட்டு ஒரு புதிய பதிப்பை அனுப்பினோம். பழைய சேவ் கோப்பில் "எட்டாம் மாடி, இந்த இடம்" என்று இருந்தவர்களை விளையாட்டு சொன்னபடி அங்கேயே கொண்டுபோய் விட்டது. அங்கே மாடி இல்லை. மறுநாள் ஒருவர் எழுதியிருந்தார்: "தபால்காரர் இரண்டு மணி நேரமாக விழுந்துகொண்டே இருக்கிறார். இது முடிவா, இன்னும் இருக்கிறதா?"

இன்னும் இருக்கிறது என்று பதில் போட்டு, அன்றிரவே திருத்தி அனுப்பினோம்.